பாக்கியத்தின் கொட்டகையில் என் பட்டறை

ஆவணி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன என்பது என் கணக்கு. ஆடிக் கடைசி என்பது என் மனைவி பாக்கியத்தின் கணக்கு. பின்புறத்து மரத்தில் பட்டர் ஃப்ரூட் இறக்கிய மறுநாள் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. ஆகவே அதையே தேதியாக வைத்துக்கொள்கிறேன்.

இரவெல்லாம் மழை. காலையில் ஒரு கையில் குடையும் மறு கையில் காப்பி டம்ளருமாகப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். கதவைத் திறந்து, உயர்ந்த நிலைப்படியைத் தாண்டிக் காலை உள்ளே வைத்ததும் செருப்பு மிதந்து தனியே போய்விட்டது.

கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கலங்கல் கூட இல்லை. தெளிந்த, சில்லென்ற மலைத் தண்ணீர். முந்தின நாள் இழைத்த மரச்சுருள்கள் அதில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. மூலையில் அடுக்கியிருந்த சில்வர் ஓக் பலகைகளில் கீழ் வரிசை முழுகிவிட்டிருந்தது. ஈர மரத்தின் வாசனை, புதுச் சிமெண்டின் வாசனை. நான் அப்படியே நின்று, ஏனென்று தெரியவில்லை, காப்பியைக் குடித்து முடித்தேன்.

"ஏனுங்க, என்ன செல மாதிரி நின்னுட்டீங்க?" சமையலறைக் கதவிலிருந்து பாக்கியம் கேட்டாள்.

"தண்ணி வந்திருக்குது."

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பட்டறை வெக்கறேன்னுதான சொன்னீங்க? மீனு வளக்கறேன்னு சொல்லவே இல்லீங்களே."

எழுதியே பழகிய கை

இந்தத் தொடரை இடையில் எடுத்துப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் கணக்கு, உரக் கணக்கு, மழைக் கணக்கு ஆகியவற்றை எழுதுகிறவருக்கு மலையில் ரைட்டர் என்று பெயர். மழைமானியில் காலைதோறும் அளந்து எழுதிய பழக்கம் இன்னும் விடவில்லை. வீட்டு மாடிப்படி ஓரத்தில் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறேன்.

மற்றவர்கள் வெட்டியதை, நட்டதை, பறித்ததை எழுதிவைத்தே என் காலம் போனது. என் கையால் செய்தது என்று வீட்டில் ஒரு முக்காலி கூடக் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு இது உறுத்த ஆரம்பித்தது. கோயில் குளம் என்று போகலாம் என்றார்கள் சிலர். எனக்கு மரவேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது.

தோன்றியதும் என்ன செய்தேன்? படித்தேன். எனக்கு அதுதான் தெரியும். நூலகத்தில் கிடைத்தது, பழைய புத்தகக் கடையில் கிடைத்தது எல்லாவற்றையும் படித்தேன். மரத்தின் ரேகை, மூட்டு வகைகள், இழைப்புளியைத் தீட்டும் கோணம் எல்லாம் மனப்பாடம். கைப்பேசியில் யாரோ ஒரு ஜப்பானியர் ஆணியே இல்லாமல் பெட்டி செய்வதை, மொழி புரியாவிட்டாலும், திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"பாத்தே பெட்டிய செஞ்சு முடிச்சுருவீங்க போல" என்பாள் பாக்கியம்.

செய்வதற்கு இடம் வேண்டும். இடம் என்று இருந்தது பின்பக்கக் கொட்டகை ஒன்றுதான். அது பாக்கியத்துடையது.

மிளகுக்கும் எனக்கும்

எங்கள் வீடு ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சரிவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காப்பி. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகள். காப்பி பெயருக்குத்தான். மிளகுதான் பாக்கியத்தின் விவசாயம். ஆள் வைத்துப் பறிப்பது, உதிர்ப்பது, காயவைப்பது, காம்பும் சருகும் பொறுக்குவது, நல்ல விலை வரும்வரை மூட்டையில் வைத்திருப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வைத்திருக்கும் இடம் இந்தக் கொட்டகை.

மலையில் காயவைப்பதை விடக் காய்ந்ததைக் காப்பாற்றுவது கடினம். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து படுக்கை வரை நனைத்துவிட்டுப் போகும். உப்பு கசியும். என் புத்தகங்களின் முதுகில் ஆண்டுக்கொரு முறை வெள்ளையாகப் பூசணம் படரும்; நான் வெயிலில் பிரித்துவைத்துத் துடைப்பேன். புத்தகத்தைத் துடைக்கலாம், மிளகைத் துடைக்க முடியாது.

நான் கொட்டகையைக் கேட்டது, அந்த ஆண்டு மிளகு விற்று மூட்டைகள் காலியான பிறகு.

"கொட்டாய உங்குளுக்குக் குடுத்துட்டு மிளக நான் எங்க வெக்கட்டும்? உங்க தலையிலயா?"

"முன்னறையில வெக்கலாமே."

"முன்னறையில வெச்சுத்தான் ஒரு வருசம் அத்தனையும் பூசணம் புடிச்சுது. எல்லாத்தயும் எழுதி வெக்கறீங்க, இத மட்டும் எழுதலீங்களா?"

எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். முடிவு செய்துவிட்டு வருகிறவளின் நடை எனக்குத் தெரியும்.

"சரி, அடுத்த மிளகு வர்ற வரைக்கும் வெச்சுக்கங்க. அதுக்குள்ள இந்த ஊட்டுக்கு ஒதவற மாதிரி ஒரே ஒரு சாமான் உங்க கையால செஞ்சு காட்டோணும். செஞ்சுட்டீங்கன்னா கொட்டாய் உங்குளுது. நான் மிளகுக்கு வேற எடம் பாத்துக்கறேன். இல்லீன்னா ரம்பம், சுத்தியல் எல்லாத்தயும் மூட்டை கட்டிட்டு எங்கிட்டத் திருப்பிக் குடுத்துரணும். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நாற்காலி செய்யறேன்" என்றேன்.

"மொதல்ல செய்யுங்க. அப்பறம் பேரு வெக்கலாம்."

நின்ற தண்ணீர்

கோடை மழைக்குக் காப்பி பூத்து, மலை முழுக்க மல்லிகை போல மணத்துக்கொண்டிருந்த வாரத்தில் வேலையைத் தொடங்கினேன். கூரைத் தகரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கண்ணாடி போன்ற ஷீட் போட்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு. இரண்டு விளக்கு, ஒரு பிளக். ஒரு பலகையில் ஆணிகள் அடித்துக் கருவிகளைத் தொங்கவிட்டேன். எது எங்கே என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்தேன்.

பாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, "டிவியில கொல நடந்த எடத்துல போலீசு கோடு போடுவாங்களே, அந்த மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

மிச்சமிருந்தது தரை. அது பின்சுவரிலிருந்து கதவை நோக்கிச் சரிந்திருந்தது. கதவோரம் சுவரடியில் ஒரு துளை, அதிலிருந்து வெளியே ஒரு சிறு வாய்க்கால்.

சரிவின் வரலாறு எனக்குத் தெரியும். எங்களுக்கு முன் இங்கே இருந்தவர் கொட்டகையில் பல்ப்பர் வைத்திருந்தார். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும், கையால் சுற்றும் இயந்திரம். அதற்குத் தண்ணீர் நிறைய ஊற்ற வேண்டும், ஊற்றியது ஓட வேண்டும். இந்த மலைக்குக் காப்பி வந்த கதையோடு சேர்த்து இதையெல்லாம் முன்பே இத்தொடரில் எழுதிவிட்டேன். ஒரு வாசகர் "காப்பி போதும், மேலே சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். சொல்கிறேன்: பல்ப்பர் போய்விட்டது, ஆகவே சரிவும் தேவையில்லை என்று முடிவு செய்தேன். வரலாறு தெரிந்தவனின் முடிவு.

கீழே சேலத்திலிருந்து முருகேசன் என்ற கொத்தனார் வந்தார். சுறுசுறுப்பானவர். சமவெளி வீடுகள் கட்டிப் பழகியவர். சரிந்த தரையைக் கண்டதும் அவருக்கே கோபம் வந்துவிட்டது.

"யாருங்க சார் இப்பிடிப் போட்டது? பந்து வெச்சா ஓடுதே!"

துளையைச் செங்கல் வைத்து அடைத்தார். சிமெண்ட் கொட்டி மட்டம் செய்தார். இறுகியதும் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். ஒரு சட்டத்துக்குள் சிறு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் நடுவில் நின்றது. அப்போதே எனக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லிவிட்டேன்.

முருகேசன் அதோடு விடவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார்.

"ஓடுதா பாருங்க சார்."

ஓடவில்லை.

"நிக்குதில்ல? அதுதான் நம்ம வேல."

நான் மட்டுமல்ல, பலகை கொண்டுவந்து போட்ட என் நண்பர் மஞ்சக்குட்டை பழனியும் நின்று ரசித்தார். "ஆஸ்பத்திரித் தரையாட்டம் இருக்குதுங்க ரைட்டரே" என்றார். பாக்கியம் கையால் தடவிப் பார்த்து, "நொம்ப வழவழன்னு இருக்குது" என்றாள். குறை சொல்ல அன்று அங்கே யாருமே இல்லை.

எலிக்கென்று வைத்த கல்

ஆடியோ ஆவணியோ, அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

வாளியால் இறைத்தேன். பாக்கியமும் இன்னொரு வாளியோடு இறங்கினாள். இறைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால் தரை மறுபடி மினுமினுக்கிறது. கூரையைப் பார்த்தேன், ஒழுகவில்லை. குனிந்து பின்சுவரைப் பார்த்தேன். சுவரும் தரையும் சேரும் இடத்தில், கோடு நெடுக, சத்தமே இல்லாமல் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது.

கொட்டகை மலைச்சரிவை வெட்டி அதில் முதுகைச் சாய்த்துக் கட்டியது. மழை வலுத்தால் மலை அந்தச் சுவருக்கு அடியில் கசியும். இத்தனை ஆண்டுகளும் கசிந்திருக்கிறது. சரிவில் இறங்கித் துளை வழியாகப் போயிருக்கிறது. பல்ப்பர் தண்ணீருக்குப் போட்ட வழியில் மலைத் தண்ணீரும் சேர்ந்து போனதை யாரும் கவனிக்கவில்லை.

"இத்தன வருசம் மூட்டை நனையலியே?" என்று கேட்டேன்.

"மூட்டைய நான் கல்லு வெச்சு, பலகை போட்டு, அதுக்கு மேலதான அடுக்குவேன்?"

"ஈரத்துக்குன்னு தெரிஞ்சுதான் வெச்சியா?"

"எலிக்குன்னு வெச்சேனுங்க." வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "ஆனா எலி அப்பவும் வந்துட்டுத்தான் இருந்துது."

பழனியைக் கூப்பிட்டேன். மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் கடப்பாரையோடு வந்து இறங்கினார். வாசலில் நின்று பார்த்தவர், "முருகேசன் சொன்ன சொல்லு தவறலீங்க. தண்ணி நிக்குது பாருங்க, அப்புடியே நிக்குது!" என்றார்.

அன்று முழுக்க உடைத்தோம். மாலையில் பழைய தரை தெரிந்தது. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் ஒரு பெருமூச்சு போலச் சத்தமிட்டு வெளியே போனது. சட்டையெல்லாம் சேறு, கையெல்லாம் கொப்புளம். ஆனால் அன்று சாப்பிட்ட களியும் கீரையும் போல அண்மையில் எதுவும் ருசிக்கவில்லை.

"கொட்டாய இப்பவே குடுத்தர்றீங்களா, இல்ல மிளகு வரைக்கும் பாக்கறீங்களா?" பரிமாறிக்கொண்டே பாக்கியம் கேட்டாள்.

"மிளகு வரைக்கும் பேச்சு."

"பேச்சு பேச்சுதான்" என்றாள்.

ரசமட்டமும் நாற்காலியும்

நனைந்த பலகைகள் வீட்டுக்குள் வந்தன. கூடத்தில் சில, படுக்கையறையில் சில, சமையலறை அடுப்போரம் சில. எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு பலகை நின்றுகொண்டிருக்கும். "மனுசன் படுக்க எடமில்ல, மரம் மட்டும் ஒய்யாரமாச் சாஞ்சு நிக்குது" என்று முணுமுணுத்தாலும், புகையும் சூடும் படுமாறு அவற்றைத் திருப்பி வைத்தது அவள்தான்.

அவை காயும்வரை நான் இழைப்புளிகளைத் துருவிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும் என்பதால் தையல் மிஷின் எண்ணெய். இரவு தடவி வைத்தால் காலையில் உளியின் முகம் பளபளக்கும். அது ஒரு தனி மகிழ்ச்சி.

முதலில் வேலை மேசை செய்தேன். பின்சுவரை ஒட்டி நிற்கும் நீளமான பெஞ்சு. இனி தரையை மட்டம் செய்யும் எண்ணம் இல்லை; ஆகவே பெஞ்சின் கால்களைச் சரிவுக்கு ஏற்றபடி வெவ்வேறு உயரத்தில் அறுத்தேன். மேற்பலகையில் ரசமட்டம் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. தரை எப்படியிருந்தாலும் என் வேலை மட்டம் என்று கர்வமாக இருந்தது.

பிறகு நாற்காலி. ஐப்பசி மழையும் கார்த்திகைப் பனியும் அதிலேயே போயின. ஒரு கால் பிளந்தது, வேறு செய்தேன். மூட்டு ஒன்று ஆடியது, ஆப்பு வைத்தேன். உட்காரும் பலகையை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, கண்ணை மூடித் தொட்டால் மரமா துணியா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வழுவழுப்பாக்கினேன்.

ஒருநாள் அதைப் பெஞ்சுக்கு எதிரே போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் சாய்வது போலிருந்தது. எழுந்து, இருக்கையில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி முன்பக்கம் ஏறி நின்றது. முன்கால்கள் உயரம் என்று அர்த்தம். கொஞ்சம் அறுத்தேன். குமிழி நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். நடுவில் வந்து நின்றது.

பழனி வந்து உட்கார்ந்து ஒரு டீயை நிதானமாகக் குடித்தார். "கல்லாட்டம் நிக்குதுங்க ரைட்டரே. அம்மிணிக்குக் காட்டிப்போடுங்க" என்றார்.

மிளகு வந்தது

தை பிறந்தது. கொடிகளில் அங்கங்கே மிளகு சிவந்தது. பறிக்கிறவர் ஏணியோடு வருவதாகச் சொன்ன நாளன்று, நாற்காலியைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக் கூடத்தின் நடுவில் வைத்தேன்.

பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுற்றிவந்து பார்த்தாள். முதுகுப் பலகையைத் தடவினாள். அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்ததை நான் பார்த்தேன். அதை மறுக்க முடியாது. பிறகு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் மெல்ல முன்னால் வழுக்கி வந்தாள். காலை ஊன்றி நிறுத்திக்கொண்டாள். பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். மறுபடி வந்தாள்.

"ஏனுங்க, இது என்னயத் தள்ளி உடுதுங்க."

இருக்கையில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி பின்பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் நாற்காலியை மட்டம் செய்யவில்லை. கொட்டகைத் தரையின் சரிவை அறுத்து நாற்காலிக்குள் வைத்திருக்கிறேன். விளக்கிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பாக்கியம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஒறம்பரைங்க வந்தா இதுல உக்கார வெக்கலாம். காப்பி குடிச்சதும் தானா எந்திரிச்சுப் போயிருவாங்க."

"அப்ப ஒதவற சாமான்தான?" என்று ஒரு முயற்சி செய்தேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். "இல்லீங்க. ஊட்டுக்கு ஒதவோணும்னுதான் பேச்சு."

அதில் நியாயம் இருந்தது. பின்கால்களையும் அறுத்தால் குட்டை நாற்காலி ஆகும். புதிதாகச் செய்ய நாள் இல்லை. மிளகு பறித்து, உதிர்த்து, பாயில் காயத் தொடங்கியபோது நான் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினேன். பலகையில் பென்சில் கோடுகள் மட்டும் மிஞ்சின. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மிளகு காய்ந்து வந்த அன்று பாக்கியம் முதல் மூட்டையோடு கொட்டகைக்கு வந்தாள். திரும்பிப் போனாள். மறுபடி வந்தபோது இடுப்பில் அந்த நாற்காலி இருந்தது.

"ஊட்டுல கெடந்து கால்ல இடிக்குது" என்றாள்.

பெஞ்சுக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். அசைந்து பார்த்தாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ஒரு முறம் மிளகைப் பெஞ்சின் மேல் கொட்டிக் கையால் பரப்பினாள். ஒன்று கூட உருளவில்லை. காம்பையும் சருகையும் ஒரு பக்கம் ஒதுக்கத் தொடங்கினாள்.

ஒவ்வோர் ஆண்டும் இந்த வேலையை அவள் தரையில் குந்தி உட்கார்ந்து செய்வாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, வலியில் வாய்க்குள் யாரையோ திட்டுவாள். அன்று முறம் முறமாகப் போயிற்று. அவள் எழவே இல்லை. வெளிச்சத்துக்குப் போட்ட ஷீட் வழியாக வெயில் நேராக மிளகின் மேல் விழுந்தது. நான் கருவி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.

"அத எங்க கொண்டு போறீங்க?" திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"மூட்டை கட்டச் சொன்னியே."

"சொன்னேன். கொட்டாய் என்னுதுதான், அதுல மாத்தமில்ல." ஒரு காம்பைப் பொறுக்கி எறிந்தாள். "அந்தக் கோடியில பெஞ்சு சும்மாத்தான கெடக்குது? அங்க நின்னு இழைங்க. மிளகுல தூசு உழுந்துதுன்னா அப்பறம் பேச்சு வேற."

மூட்டையை இறக்கினேன். இழைப்புளியை அதன் ஆணியில், அதன் கோட்டுக்குள் மாட்டினேன். ரம்பத்தை அடுத்து மாட்டினேன். மிளகு பலகையில் உராயும் சத்தம் மட்டும்.

"எத்தன நேரம் நின்னுட்டே இருப்பீங்க?" என்றாள். "உங்குளுக்கும் ஒண்ணு செஞ்சுக்கங்க. காலு இதே மாதிரி இருக்கட்டும்."

நல்ல பலகையாக ஒன்றை எடுத்துப் பெஞ்சின் என் கோடியில் வைத்தேன். எந்தப் பக்கம் பார்த்து உட்காரப்போகிறேன் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகுதான் பென்சிலை எடுத்தேன்.